பாவு அறுப்புக் கணக்குக்குப் பாய்சான் மாடல் சரியா? பி-மதிப்பை நம்பலாமா?

பல்லடம் ஷெட் (கேள்வி):

வணக்கம். பல்லடம் பக்கம் ஒரு நெசவு ஷெட்டில் குவாலிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். 24 ஏர்ஜெட் தறி, மூன்று ஷிப்ட், 40-ஆம் நம்பர் காட்டன் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்). ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு தறியின் ஸ்கிரீனையும் பார்த்து, பாவு எத்தனை தடவை அறுந்தது என்று நோட்டில் எழுதி, அப்புறம் எக்செல்லில் ஏற்றுவது என் வேலை.

ஏப்ரலிலும் மேயிலும் ஓடியது பழைய கஞ்சி, அதாவது பாவு அறுபடாமல் இருக்க அதன் மேல் ஏற்றும் பசை. ஜூன் 1-லிருந்து சைசிங் (கஞ்சி ஏற்றுவது) செய்து தருகிறவர்கள் கலவையை மாற்றிவிட்டார்கள். புதுக் கலவைக்குக் கிலோவுக்குக் கூடுதல் கூலி கேட்கிறார்கள். கொடுக்கலாமா என்று முதலாளி என்னைக் கேட்டிருக்கிறார்.

ஏப்ரல், மே சராசரி ஒரு தறிக்கு ஒரு ஷிப்டில் 5.4 அறுப்பு. ஜூன், ஜூலை சராசரி 4.1. எக்செல்லில் டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டேன், வித்தியாசம் உண்டு என்றது. ஐடி-யில் இருக்கும் நண்பன் ஒருவன், "எண்ணிக்கை என்றால் பாய்சான்தான் போடணும்" என்று, எண்ணிக்கைகளுக்கான பாய்சான் மாடலை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டிக் கொடுத்தான். பி-மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாமல் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு, 0.0001-க்கும் கீழே. எட்டாயிரம் வரிக்கு மேல் டேட்டா இருப்பதால் சந்தேகமே வேண்டாம் என்கிறான்.

எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 7-ஆம் தறி, ஒரு வாரத்து இரவு ஷிப்ட் இது: 3, 5, 0, 4, 19, 6, 2. இந்த 19 எப்படி வந்தது? மொத்த டேட்டாவிலும் வேரியன்ஸ் (எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சராசரியைப் போல் நாலு மடங்குக்கு மேல் வருகிறது. பாய்சானில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்றுதானே படித்தோம்?

இன்னொன்றும் இருக்கிறது. இதே கணக்கை வைத்து, அறுப்பு அதிகமான ஷிப்ட் ஆட்களின் இன்சென்டிவ்வைக் குறைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நான் கொடுக்கிற நம்பரால் ஒருத்தர் சம்பளம் குறையும் என்றால் அது சரியான நம்பராக இருக்க வேண்டும். எந்த மாடல் போடுவது? வழி சொல்லுங்கள்.

டேட்டா சென்னை:

உங்கள் சந்தேகம் சரிதான் ப்ரோ. வேரியன்ஸ் நாலு மடங்கு என்றால் பாய்சான் செல்லாது. நெகட்டிவ் பைனோமியல் போடுங்கள், அது கூடுதல் சிதறலை அனுமதிக்கும் மாடல். ஆர்-இல் மாஸ் பேக்கேஜில் இருக்கிறது, ஒரே வரி. சைபர்கள் நிறைய இருந்தால் ஜீரோ இன்ஃப்ளேட்டட் (கூடுதல் சைபர்களுக்குத் தனி இடம் தரும்) மாடலும் ஓட்டிப் பாருங்கள். மூன்றுக்கும் ஏஐசி (மாடல்களின் பொருத்தத்தை ஒப்பிடும் எண்) எடுத்து, எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் வேலையில் செய்வது இதுதான்.

பாவும் ஊடையும்:

தம்பி, கோவையில் ஒரு ஜவுளி ஆய்வுக்கூடத்தில் 22 வருடம் நூல் சோதனை பார்த்தவள் நான். பதில் கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

மாடல் பெயருக்கு அப்புறம் வரலாம். உங்கள் எக்செல்லில் இருக்கும் 0 என்ன 0? தறி எட்டு மணி நேரம் ஓடி ஒரு இழைகூட அறுபடவில்லையா, அல்லது பீம் (பாவு சுற்றிய உருளை) இல்லாமல் தறி நின்றதால் அறுபட இழையே ஓடவில்லையா? முதல் சைபர் நல்ல செய்தி. இரண்டாவது செய்தியே இல்லை. ஏஐசி-க்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதற்குத் தெரிந்தது எக்செல் தாள் மட்டும்தான். ஜீரோ இன்ஃப்ளேட்டட் மாடலை 1992-ல் டயான் லாம்பெர்ட் எழுதியபோது அவர் எடுத்துக்கொண்டது தொழிற்சாலைக் குறைபாடுகளை. எந்திரம் சில நேரம் குறையே வராத நிலையில் இருக்கிறது, சில நேரம் வரும் நிலைக்குப் போகிறது, எப்போது எந்த நிலை என்று வெளியே தெரியாது. அந்த மாதிரி இடத்துக்கு அது அருமையான மாடல். உங்களுக்குத்தான் தெரியுமே! ஏர்ஜெட் ஸ்கிரீனில் பிக் எண்ணிக்கையும், அதாவது ஊடை எத்தனை தடவை குறுக்கே போனது என்பதும் இருக்கும். பிக் சைபர் என்றால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியதை மாடலிடம் யூகிக்கச் சொல்ல வேண்டாம்.

பிக்கை எடுக்கும்போதே இன்னொன்றையும் சரிசெய்துவிடலாம். ஒரு ஷிப்டில் 2.6 லட்சம் பிக் ஓடிய தறியில் 5 அறுப்பும், 1.3 லட்சம் ஓடிய தறியில் 5 அறுப்பும் ஒன்றா? நம் தொழிலில் ஒரு லட்சம் பிக்குக்கு எத்தனை அறுப்பு என்று பேசுவது சும்மா இல்லை. மாடலிலும் அதையே செய்யுங்கள்: எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே விட்டுவிட்டு, பிக்கின் லாக்கை (மடக்கையை) ஆஃப்செட்டாக, அதாவது தறி எவ்வளவு ஓடியது என்பதைச் சரிசெய்யும் எண்ணாகக் கொடுங்கள். வகுத்து வரும் தசமத்தைக் கொண்டுபோய்ப் பாய்சானில் போடக் கூடாது.

சரி, வேரியன்ஸ். பள்ளியில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்தோமே, அதுதான். பாய்சானில் அது சராசரிக்குச் சமம் என்பது உண்மை. பாடப் புத்தகங்களில் வரும் பிரஷ்ய ராணுவக் கணக்கில் அது அச்சு அசலாகப் பொருந்தும். போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர் 1898-ல் வெளியிட்டது. குதிரை உதைத்து இறந்த வீரர்கள்: 10 படைப் பிரிவு, 20 வருடம், மொத்தம் 122 சாவு. ஒரு பிரிவுக்கு ஒரு வருடத்தில் சராசரி 0.61, வேரியன்ஸும் 0.61. பொருந்தியதற்குக் காரணம், அந்தப் பத்துப் பிரிவுகளும் ஆபத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. 1920-ல் கிரீன்வுட்டும் யூலும் குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த 647 பெண்களின் விபத்துக் கணக்கை எடுத்தார்கள். 447 பேருக்கு ஒரு விபத்தும் இல்லை, இரண்டு பேருக்கு ஐந்து. சராசரி 0.47, வேரியன்ஸ் 0.69. பாய்சான் பொருந்தவில்லை. ஒவ்வொருவருக்கும் ஆபத்து அளவு வேறு வேறு என்று வைத்துக்கொண்டு அவர்கள் எழுதிய மாடல்தான் மேலே டேட்டா சென்னை சொன்ன நெகட்டிவ் பைனோமியல். உங்கள் 24 தறியும் அந்தப் பெண்கள் மாதிரி. கதவோரத்துத் தறியும் ஷெட் நடுவில் இருக்கும் தறியும் ஒரே தறி இல்லை.

இதை உங்கள் டேட்டாவில் பார்ப்பதற்கு முன், ஆர்-க்குள்ளேயே இருக்கும் ஒரு டேட்டாவில் பார்த்துவிடுங்கள். வார்ப்பிரேக்ஸ் என்று பெயர். நம் பாவு அறுப்பேதான்! மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த டிப்பெட் 1950-ல் போட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது. 54 தறிக் கணக்கு, ஏ, பி என்று இரண்டு ரக நூல், குறைவு, நடு, அதிகம் என்று மூன்று டென்ஷன் (நூலின் இழுவிசை), ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒன்பது. ஏ ரகம், குறைந்த டென்ஷன், அந்த ஒன்பதும் இவை: 26, 30, 54, 25, 70, 52, 51, 26, 67. சராசரி 44.6, வேரியன்ஸ் 327. ஏழு மடங்கு! பி ரகம், அதிக டென்ஷனில் சராசரி 18.8, வேரியன்ஸ் 24 மட்டும்தான். அறுப்பு கூடக் கூட வேரியன்ஸ் அதைவிட வேகமாக ஏறுவதைக் கவனியுங்கள்.

இதில் ரகமும் டென்ஷனும் வைத்துப் பாய்சான் ஓட்டினால், பி ரகத்தில் அறுப்பு ஏறக்குறைய 19 சதவீதம் குறைவு என்று வரும், பி-மதிப்பு 0.00006. மிச்ச டீவியன்ஸை, அதாவது மாடல் விளக்காமல் விட்ட சிதறலைப் பாருங்கள்: 210, அதற்கு 50 டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (54 எண்ணிலிருந்து மாடல் கணித்த 4 எண்ணைக் கழித்தது). ஒன்றுக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் நாலுக்கு ஒன்று. குவாசி பாய்சான் (கூடுதல் சிதறலுக்கு ஏற்பப் பிழையளவைப் பெரிதாக்கும் பாய்சான்) என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள். 19 சதவீதம் அப்படியே இருக்கும். ஸ்டாண்டர்ட் எரர் (அந்தக் கணிப்பின் பிழையளவு) 0.052-லிருந்து 0.106 ஆகிவிடும், பி-மதிப்பு 0.059. அதே நூல், அதே தறி, அதே 54 எண். பத்தாயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை என்றிருந்த சந்தேகம் நூற்றுக்கு ஆறு ஆகிவிட்டது. டென்ஷன் மட்டும் அசையவில்லை, அதிக டென்ஷனில் அறுப்பு 40 சதவீதம் குறைவு என்பது இந்த மாற்றத்துக்கும் தாங்குகிறது. உங்கள் நண்பர் காட்டிய 0.0001 இந்தச் சோதனையைத் தாங்குமா என்று பாருங்கள்.

அந்த 19 சதவீதத்தையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். குறைந்த டென்ஷனில் ஏ 44.6, பி 28.2. நடு டென்ஷனில் ஏ 24.0, பி 28.8, அதாவது தலைகீழ். ஒரே ஒரு சதவீதத்தில் அடக்க முடியாத விஷயம் அது. முதலில் ஆறு சராசரியையும் தாளில் எழுதிப் பார்த்திருந்தால் மாடல் ஓட்டாமலே தெரிந்திருக்கும்.

உங்கள் டி-டெஸ்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயல்நிலைப் பரவல் இல்லை, அதனால் டி-டெஸ்ட் கூடாது என்று உங்களைப் பலர் பயமுறுத்துவார்கள். எட்டாயிரம் வரியின் சராசரிக்கு அது பெரிய குறை இல்லை. பெரிய குறை, அந்த எட்டாயிரமும் எட்டாயிரம் சாட்சி இல்லை என்பது. ஒரு பீம் எத்தனை நாள் ஓடும்? எட்டு, பத்து நாள்? அப்படியானால் ஒரே பீமைப் பற்றி முப்பது வரி எழுதியிருக்கிறீர்கள். கஞ்சி மாறுவது பீமுக்குப் பீம், ஷிப்டுக்கு ஷிப்ட் இல்லை. இந்த விஷயத்தில் பாய்சான், குவாசி, நெகட்டிவ் பைனோமியல் மூன்றுமே ஒரே தப்பைத்தான் செய்யும். தறிக்கும் பீமுக்கும் ரேண்டம் எஃபெக்ட் வைத்தால்தான், அதாவது ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்ற இறக்கம் உண்டு என்று மாடலிடம் சொன்னால்தான் சரியாகும்.

அப்புறம், ஏப்ரல், மேயையும் ஜூன், ஜூலையையும் ஒப்பிடுகிறீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவ ஈரக் காற்று எப்போது நம் பக்கம் திரும்பும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி நூல் ஈரத்தில் பலம் கூடும், காய்ந்தால் முறியும். மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு உங்கள் ஷெட்டில் ஈரப்பதம் எவ்வளவு? இது கஞ்சியின் வேலையா, காற்றின் வேலையா என்று இந்த டேட்டாவிலிருந்து பிரிக்க எந்த மாடலாலும் முடியாது, இரண்டும் ஒரே நாளில் மாறியிருந்தால்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு நூற்பாலையின் கோன் (கூம்பில் சுற்றிய நூல்) மோசம் என்று இதே மாதிரி பாய்சான் போட்டு அறிக்கை எழுதினேன். அவர்களிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அந்த நூல் ஓடிய தறி எல்லாம் லோடு இறக்கும் கதவுப் பக்கம் இருந்தவை என்று அப்புறம் ஷெட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

இன்சென்டிவ் விஷயத்தில் முதலாளியிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பகல் ஷிப்டின் வெயிலும் கதவோரத் தறியும் கணக்கில் சேராதவரை, அந்த எண் ஆளைப் பற்றியது இல்லை.

குமாரபாளையம் ஃபிட்டர்:

அக்கா சொன்னதில் இரண்டு சேர்க்கிறேன். எனக்குப் புள்ளியியல் தெரியாது, தறி தெரியும்.

ஸ்கிரீன் காட்டுவது அறுப்பு இல்லை, பாவு ஸ்டாப். ஒவ்வொரு பாவு இழையிலும் தொங்கும் டிராப் பின் விழுந்தால் தறி நிற்கும், கவுண்டர் ஒன்று ஏறும். இழை தொய்ந்தாலும் பின் விழும். பின்னுக்கடியில் பஞ்சு தூசி அடைத்தாலும் பொய் ஸ்டாப் வரும். தம்பியின் 19 அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிஷத்துக்குள் ஏழெட்டு ஸ்டாப் என்றால் அது அறுப்பு இல்லை, ஃபிட்டரைக் கூப்பிட வேண்டிய வேலை. ஸ்டாப் நேரம் தறியிலேயே பதிவாகும், எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, பீமைக்கூடத் தனித்தனியாக எண்ணக் கூடாது. சைசிங்கில் ஒரு செட் ஓட்டினால் ஏழெட்டு பீம் இறங்கும். கஞ்சி கெட்டியாகப் போனால் அந்தச் செட் முழுக்கக் கெட்டி. பீமில் செட் நம்பர் எழுதித்தான் அனுப்புவார்கள்.

பல்லடம் ஷெட்:

மூன்று பேருக்கும் நன்றி. நாலு நாள் ஆகிவிட்டது, உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன்.

அக்கா கேட்ட சைபர்தான் முதல் அடி. ஜூலையில் ஆர்டர் குறைந்து எட்டுத் தறி மூன்று வாரம் நின்றது. நானே 0, 0, 0 என்று எழுதியிருக்கிறேன். 504 வரி! நின்ற தறியெல்லாம் புதுக் கஞ்சிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டு லட்சம் பிக்குக்கு மாற்றினால் பழசு 2.2, புதுசு 1.9. முன்பு 24 சதவீதம் என்று நினைத்தது 14 ஆகிவிட்டது.

அப்புறம் இரவு ஷிப்டை மட்டும் தனியாகப் பார்த்தேன். பழசு 1.9, புதுசு 1.8. வித்தியாசம் பெரும்பாலும் பகல் இரண்டு ஷிப்டிலிருந்துதான் வருகிறது. ஏப்ரல், மே பகலில் ஹியூமிடிஃபயர் தாக்குப் பிடிக்காதது எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், நான்தான் சேர்த்து யோசிக்கவில்லை.

7-ஆம் தறியின் 19-க்கு அண்ணன் சொன்னதுதான் காரணம். அதிகாலை 3.10-லிருந்து 3.40-க்குள் 14 ஸ்டாப். அன்று இரவு டிராப் பின் பாக்ஸைச் சுத்தம் செய்ததாக நோட்டிலும் இருக்கிறது.

செட்டை எண்ணினேன். பழசு 18, புதுசு 16. எட்டாயிரம் வரி 34 ஆகிவிட்டது. இந்த 34-ஐ வைத்து என்ன போடுவது? ரேண்டம் எஃபெக்ட் மாடல் எனக்குக் கைக்கு வரவில்லை, கன்வர்ஜ் ஆகவில்லை (கணக்கு ஒரு விடையில் நிலைக்கவில்லை) என்று எச்சரிக்கை வருகிறது. இன்சென்டிவ் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன், முதலாளி ஒத்துக்கொண்டார். கூலி விஷயத்துக்கு மட்டும் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார்.

டேட்டா சென்னை:

504 சைபரைப் பார்த்ததும் ஒன்று சொல்ல வேண்டும். ஜீரோ இன்ஃப்ளேட்டட் போடச் சொன்னேன் இல்லையா, அது இந்த டேட்டாவில் நன்றாகப் பொருந்தியிருக்கும், ஏஐசி-யும் நன்றாகக் குறைந்திருக்கும். நின்ற தறிகள் மாடலுக்குள் அழகாகப் போய் உட்கார்ந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பார்க்கும் வேலையிலும் இப்படி எத்தனை சைபர் போயிருக்கும் என்று இப்போது திரும்பிப் பார்க்கிறேன். குவாசி பாய்சானுக்கு ஏஐசி எடுக்க முடியாதே, அதையும் நெகட்டிவ் பைனோமியலையும் எப்படி ஒப்பிடுவீர்கள் அக்கா?

பாவும் ஊடையும்:

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குவாசியில் முழு லைக்லிஹுட் (ஏஐசி கணக்கிடத் தேவையான நிகழ்தகவு) கிடையாது, அதனால் ஏஐசி-யும் கிடையாது, சரிதான். நான் செய்வது: டேட்டாவைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சராசரியையும் வேரியன்ஸையும் ஒரு படத்தில் புள்ளியாக வைப்பேன். புள்ளிகள் நேர்கோட்டில் ஏறினால் குவாசி. மேல்நோக்கி வளைந்தால் நெகட்டிவ் பைனோமியல், ஏனென்றால் அதில் வேரியன்ஸ் சராசரியின் வர்க்கத்தோடு ஏறும். வார்ப்பிரேக்ஸில் 18.8-க்கு 24, 24-க்கு 75, 44.6-க்கு 327. இது வளைவு.

தம்பி, உங்கள் 34-க்குப் பெரிய மாடலே வேண்டாம். செட்டுக்கு ஒரு எண்: அந்தச் செட்டின் மொத்த அறுப்பு, மொத்தப் பிக், வகுத்து லட்சத்துக்கு இத்தனை. 18 எண்ணுக்கும் 16 எண்ணுக்கும் நீங்கள் முதலில் போட்ட அதே டி-டெஸ்ட் போதும். ஒரு செட்டில் கோடிக் கணக்கில் பிக் ஓடி, ஆயிரத்துக்கு மேல் அறுப்பு சேரும். அந்த அளவில் எண்ணிக்கை என்கிற சிக்கல் கரைந்துவிடும், செட்டுக்குச் செட் வரும் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். நீங்கள் அளக்க வேண்டியதும் அதுதான். இரவு ஷிப்டுக்குத் தனியாகவும் இதையே செய்யுங்கள்.

காற்று விஷயம் அப்போதும் தீராது. அதற்கு ஒரே வழி இரண்டு கஞ்சியையும் ஒரே மாதத்தில் ஓட்டுவது. சைசிங்காரர்களிடம் இரண்டு செட் பழைய கலவையில் கேளுங்கள், கூடவே இரண்டு செட் புதியதில். எந்தத் தறியில் எந்த பீம் ஏறும் என்பதை ஃபிட்டரும் முடிவு செய்யக் கூடாது, நீங்களும் கூடாது. நல்ல தறியில் நல்ல பீம் என்று கை தானாகப் போகும்.

பல்லடம் ஷெட்:

பேசிவிட்டேன். பழைய கலவையில் இரண்டு செட் தர ஒத்துக்கொண்டார்கள், திங்கட்கிழமை பீம் வருகிறது. கதவோரம் ஆறு தறி, நடுவில் பதினெட்டு. எல்லாவற்றையும் சேர்த்துக் குலுக்கட்டுமா, கதவோரத்தைத் தனியாகவா?

பாவும் ஊடையும்:

தனியாக. கதவோரத்து ஆறில் மூன்று பழசு, மூன்று புதுசு. நடுவில் ஒன்பது, ஒன்பது. மொத்தம் 12 பீம் பழசில் வேண்டும், இரண்டு செட்டில் அது வந்துவிடும். தறி நம்பரைச் சீட்டில் எழுதி, ஷிப்டில் இருக்கும் நெசவாளர் ஒருவரையே குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். ஈரப்பத மீட்டரை ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று தடவை, கதவுப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று என்று எழுதுங்கள். பழசில் இன்னும் பீம் கிடைத்தால், முதல் பீம் தீர்ந்ததும் அதே தறியில் மாற்றி ஏற்றுங்கள். அந்த எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்ப்போம். நிற்கும் தறிக்கு 0 எழுதாதீர்கள், கட்டத்தைக் காலியாக விடுங்கள்.